கங்காணி இல்லாத பெரட்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கோப்பெங் வட்டாரத்தில் நெடுங்காலம் வேலை தந்தவை இரண்டு: லம்பம் எனப்படும் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் லம்பங்கள் அடங்கின. தோட்டங்களில் சில செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. அங்கே உழைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இன்று வேலையைப் பங்கிட்டுத் தருவது கைப்பேசிச் செயலி. கார் ஓட்டுவது, உணவு கொண்டுபோய்க் கொடுப்பது, சுற்றுலாப் பயணிக்கு அறை கொடுப்பது எல்லாமே இணையத் தளத்தின் வழியாக நடக்கின்றன. இதை விடுதலை என்பாரும் உண்டு, புதிய கொத்தடிமை என்பாரும் உண்டு. இரண்டுமே மிகை. செயலி வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது அதன் பெரிய குற்றமன்று. கூலியை முடிவு செய்யும் கணக்கை உழைப்பவர் கண்ணில் படாமல் வைத்திருப்பதே குற்றம்.

நன்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டக் காலத்தில் வேலைக்கு வாசலாக நின்றவர் கங்காணி. ஊரிலிருந்து ஆள் சேர்த்தவர் அவர்தான். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தரகு உண்டு. உறவு, சாதி, கடன் என்னும் கயிறுகளால் ஆட்களைப் பிடித்து வைத்தவரும் அவரே. 1938இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அந்த ஆள்சேர்ப்பு நின்றது. செயலி யாருடைய ஊரையும் குலத்தையும் கேட்பதில்லை. உரிமமும் வண்டியும் இருந்தால் போதும். 2012இல் கோலாலம்பூரில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் தொடங்கிய வாடகை வண்டிச் செயலியான கிராப், ஏறும் முன்பே கட்டணத்தைக் காட்டியதால் பயணிகளின் நம்பிக்கையைப் பெற்றது. குவா தெம்புரோங் குகையையும் கம்பார் ஆற்றுப் படகுச் சவாரியையும் நம்பியிருக்கும் சிறு விடுதிக்காரரால், முகவர் யாரையும் அண்டாமல் சிங்கப்பூர் விருந்தினரை அடைய முடிகிறது. குறைந்த வருமானக் குடும்பங்கள் இணையத்தில் சிறு சிறு பணிகள் செய்து பணம் ஈட்டட்டும் என்று அரசே 2015இல் ‘இ-ரெசெக்கி’ திட்டத்தைத் தொடங்கியதும் இந்த நம்பிக்கையில்தான்.

ஆனால் தோட்டத்தில் இருந்த ஒன்று இங்கே இல்லை. ரப்பர்ப் பால் நிறுக்கும்போது மரம் சீவியவர் தராசின் பக்கத்தில் நின்றார். தராசு பொய் சொல்லியிருக்கலாம். ஆயினும் அது கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்த நிரைக்காரர் சாட்சியாக இருந்தார். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தால் முதலாளிகளோடு கூலி பேச முடிந்ததற்கு, அளவு இரு தரப்புக்கும் தெரிந்த பொதுப் பொருளாக இருந்ததும் ஒரு காரணம். செயலியில் எந்த அழைப்பு யாருக்குப் போகிறது, நேற்றைய தொலைவுக்கு இன்று ஏன் குறைந்த காசு, கணக்கு ஏன் முடக்கப்பட்டது என்பவை பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. வேறு செயலிக்கு மாறிவிடுவேன் என்று சொல்லும் பலமும் 2018இல் தேய்ந்தது. அந்த ஆண்டு போட்டி நிறுவனமான ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப் வாங்கிக்கொண்டது. போட்டி நிறுவனங்களின் விளம்பரத்தை ஓட்டுநர்கள் ஏற்கத் தடை விதித்ததற்காக, அதன்மீது 8.6 கோடி ரிங்கிட்டுக்கு மேல் அபராதம் விதிக்க மலேசியப் போட்டி ஆணையம் 2019இல் முன்மொழிந்தது. சிறு நகரத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. தளங்கள் ஆள் நெருக்கத்தில் பிழைப்பவை. கோப்பெங்கில் அழைப்பு குறைந்தால் பக்கத்துப் பெருநகரான ஈப்போவுக்கு ஓட வேண்டும். அந்தப் பெட்ரோலும் காத்திருக்கும் நேரமும் ஓட்டுநர் கணக்கு.

கூட்டத்தின் அறிவைத் திரட்டுவதிலும் இதே கோணல்தான். ஓட்டுநர்களின் பயணத் தடங்களையும் அவர்கள் எடுத்த தெருப் படங்களையும் கொண்டு கிராப் தனக்கென ஒரு வரைபடத்தைக் கட்டியது. 2022இல் அதைப் பிற நிறுவனங்களுக்கும் விற்க முன்வந்தது. சந்து பொந்து தெரிந்தவர் ஓட்டுநர். அந்த அறிவு சொத்தாக மாறியபோது உரிமை நிறுவனத்துக்குப் போயிற்று. விருந்தினர் எழுதும் மதிப்பீடுகளும் அப்படியே. ஒரு விடுதிக்காரர் பல ஆண்டுகள் சேர்த்த நற்பெயரை வேறு தளத்துக்கு எடுத்துச் செல்ல வழியில்லை.

விரும்பியபோது செயலியை அணைத்துவிடலாமே, இது சுதந்திரமில்லையா என்பார்கள். பகுதிநேரமாக ஓட்டுபவருக்கு அது உண்மையான சுதந்திரம். வண்டித் தவணை கட்டியாக வேண்டியவரால் உச்ச நேரத்தை விட முடியாது. நிறுத்தும் உரிமை வேறு, விலை சொல்லும் உரிமை வேறு. ஓட்டுநர்கள் ஊழியரல்லர், சுயதொழில் செய்வோர் என்பது இரண்டாவது வாதம். 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்றே ஏற்றது. பெயர் எதுவானாலும், தன் பொருளுக்குத் தானே விலை வைக்க முடியாதவரை வணிகர் என்று அழைப்பது பொருந்தாது. கணக்கைத் திறந்தால் தொழில் இரகசியம் போய்விடும், சிலர் அதை ஏமாற்றவும் கூடும் என்பது மூன்றாவது வாதம். இதில் நியாயம் உண்டு. ஆனால் நிரலை முழுதாக யாரும் கேட்கவில்லை. இந்தப் பயணத்துக்கு வாடிக்கையாளர் கொடுத்தது எவ்வளவு, தளம் எடுத்தது எவ்வளவு, எனக்கு வந்தது எவ்வளவு, விலை மாறியது எதனால் என்ற நான்கு வரிகள் போதும்.

2025 ஆகஸ்ட் 28ஆம் நாள் மலேசிய மக்களவை, இத்தகைய துண்டு வேலை செய்வோருக்கான கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது. ஏறத்தாழ 12 லட்சம் பேரை மனத்தில் கொண்ட இச்சட்டம் எழுத்து ஒப்பந்தம், பிணக்குகளைத் தீர்க்கத் தீர்ப்பாயம், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பாதுகாப்பு ஆகியவற்றைத் தருகிறது. இது பெரிய முன்னேற்றம். ஆயினும் சொக்சோ விபத்துக்குப் பின் கைகொடுப்பது, தீர்ப்பாயம் வழக்குக்குப் பின் பேசுவது. அன்றாடக் கூலியின் நேர்மை தராசில் இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்குச் சீட்டு, கணக்கை முடக்கும் முன் காரணமும் மனித விசாரணையும், கட்டணத்தைக் கூடிப் பேசும் உரிமை ஆகிய மூன்றையும் ஓட்டுநர் அமைப்புகள் இப்போதே வற்புறுத்த வேண்டும். இவை கிடைக்காதவரை, கங்காணியை ஒழித்துவிட்டோம் என்று நாம் பெருமைப்படுவதற்கில்லை.