டோல்ஸ்டோயின் அறமும் இல்லறமும்

1880ஆம் ஆண்டையொட்டி லியோ டோல்ஸ்டோயின் சிந்தனையில் நிகழ்ந்த பெருமாற்றம் பலராலும் ஆராயப்பட்டதொன்றாகும். திருச்சபையின் சடங்குகளையும் கோட்பாடுகளையும் ஒதுக்கிவிட்டு, மத்தேயு சுவிசேஷத்திலுள்ள மலைப்பிரசங்கத்தையே கிறிஸ்தவத்தின் சாரமாக அவர் வரித்துக்கொண்டார். அதன் கட்டளைகள் சொல்லுக்குச் சொல் வாழ்வில் நடைமுறைப்படுத்தத்தக்கன என்பது அவர் முடிபு. இம்முடிபைக் குடும்பத்தின்மீது பிரயோகித்து அவர் எழுதியது ‘குரூட்சர் சொனாட்டா’, 1889இல் நிறைவுற்றது. சமுதாயத்தின்மீது பிரயோகித்தது 1899இல் வெளிவந்த ‘புத்துயிர்ப்பு’. ஒரே ஊற்றிற் பிறந்த இவ்விரண்டும் ஒரே தரத்தன அல்ல. இவ்வேறுபாட்டினை வடிவத்தின் குறைநிறையாக மட்டும் கருதுவது பொருந்தாது. அறம் எவரை நோக்கிப் பேசுகிறது என்பதிலேயே அது தங்கியுள்ளது.

‘குரூட்சர் சொனாட்டா’ ஒரு புகையிரதப் பயணத்தில் நிகழும் உரையாடல். மனைவியைக் குத்திக் கொன்று, மானங்காத்த கணவனென யூரர்களால் விடுதலைசெய்யப்பட்ட பொஸ்தனிஷெவ் தன் கதையைச் சக பயணியொருவனுக்குக் கூறுகிறான். உயர்குடி இளைஞரின் ஒழுக்கக்கேடு, பெண்ணைப் பண்டமாக்கும் திருமணச் சந்தை, இச்சைக்குக் காதலெனப் பெயரிடும் போலித்தனம் ஆகியவற்றை அவன் சாடுமிடங்களில் உண்மையின் வெம்மை தெறிக்கிறது. ஆயினும் கொலைசெய்தவனே இங்கு அறமுரைப்பவனாகவும் நிற்கிறான். கொலையுண்டவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவன் வாய்வழியாகவே வாசகனை வந்தடைகிறது. அவள் இசைக்கலைஞனை உண்மையில் விரும்பினாளா என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. மரணப்படுக்கையிற் கிடக்கும் அவளது வீங்கிக் கன்றிய முகத்தைக் கண்டபோதே அவளும் ஒரு மனிதப்பிறவி என்பதை முதன்முறையாக உணர்ந்ததாகப் பொஸ்தனிஷெவ் கூறுகிறான். கதையின் மிகச்சிறந்த இடம் அதுவே. எனினும் டோல்ஸ்டோய் அதனைத் தொடர்ந்து செல்லவில்லை. 1890இல் எழுதிய பின்னுரையில், கிறிஸ்தவத் திருமணம் என ஒன்றில்லை, பூரண பிரமசரியமே இலட்சியம் என்றார். திசையறிகருவி மாலுமிக்கு வழிகாட்டுவதுபோல் இலட்சியம் வழிகாட்டும் என்பது அவர் தந்த உவமை. ஒரே கலத்திற் செல்லும் மற்றவள் எத்திசையை விரும்பினாள் என்பதை அவர் வினவவில்லை.

‘புத்துயிர்ப்பு’ இதற்கு நேர்மாறான அமைப்புடையது. சட்ட அறிஞர் கோனி 1887இல் டோல்ஸ்டோய்க்குக் கூறிய உண்மைச் சம்பவமே அதன் கரு. நெஹ்லூதவ் என்னும் பிரபு, தன் அத்தைமார் வீட்டில் வளர்ந்த காத்யூஷா மாஸ்லவாவை இளமையில் கெடுத்து, நூறு ரூபிள் தாளொன்றைக் கொடுத்துவிட்டு அகல்கிறான். அவள் கருவுற்று வெளியேற்றப்படுகிறாள், குழந்தை இறக்கிறது, அவள் விலைமகளாகிறாள். ஆண்டுகள் பல கழிந்தபின், அவள் கொலைக்குற்றஞ் சாட்டப்பட்டு நிற்கும் மன்றில் அவனே யூரர்களுள் ஒருவனாக அமர்ந்திருக்கிறான். கொல்லும் நோக்கமின்றி என்னும் சில சொற்களை யூரர்கள் தம் தீர்ப்பில் எழுத மறந்தமையால், நான்காண்டுக் கடூழியத் தண்டனை பெற்றுச் சைபீரியாவுக்கு அவள் அனுப்பப்படுகிறாள். நீதிபதிகளின் கைக்கடிகாரமும் பசியும் நீதியின் போக்கைத் தீர்மானிக்கும் இப்பகுதிக்கு ஈடான சமூக விமர்சனம் உலக நாவல்களிற் சிலவே.

மனந்திரும்பிய நெஹ்லூதவ் அவளை மணந்துகொள்ள முன்வருகிறான். சாதாரண நீதிக்கதையாயின் அவள் கண்ணீர் மல்க அவன் பாதம் பணிந்திருப்பாள். மாஸ்லவாவோ சீறுகிறாள். இம்மையில் என்னை வைத்து இன்பந் துய்த்தாய், மறுமையிலும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாயா என்னும் பொருள்படக் கேட்கிறாள். கிறிஸ்தவ அறத்தின் மிக நுட்பமான சோதனை இவ்விடத்தில் நிகழ்கிறது. பாவமன்னிப்புத் தேடுபவன், தன்னாற் பாதிக்கப்பட்டவரையே அதற்குக் கருவியாக்கக்கூடும் என்பதை டோல்ஸ்டோய் கண்டுகொண்டார். ஈற்றில் அவள் அவனை விடுத்து அரசியற் கைதியான சிமன்சனைத் தேர்கிறாள். அத்தேர்வுரிமை அவளுக்கு வழங்கப்பட்டமையாலேயே நெஹ்லூதவின் மனமாற்றமும் நம்பத்தக்கதாகிறது. நாவலின் முடிவு சுவிசேஷ வாசகங்களிற் சென்று தேய்வதைச் செக்கோவ் அன்றே குறைகூறினார்; அக்குறை மறுக்கற்பாலதன்று. சிறைக்கூடத் தேவாராதனையை எள்ளி எழுதிய அத்தியாயங்களோ திருச்சபையின் சினத்தை வளர்த்தன. 1901இல் அவர் சபைவிலக்கம் செய்யப்பட்டார்.

பிரபு தன் நிலத்தையும் பெருமையையும் துறக்கவேண்டுமென அறம் கேட்கும்போது, இழப்பவன் உடையவனே. குடும்பத்தினுள் துறவைப் புகுத்தும்போது நிலைமை வேறு. 1862இல் டோல்ஸ்டோயை மணந்த சோபியா பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றார். ஐவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். பிரமசரியத்தைப் போற்றும் கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்த 1888இலேயே கடைசிப் பிள்ளை பிறந்தது. 1881க்குப் பிந்திய ஆக்கங்களின் பதிப்புரிமையை 1891இல் டோல்ஸ்டோய் துறந்தார்; வீட்டின் செலவும் பிள்ளைகளின் கல்வியும் சோபியாவின் கவலைகளாயின. தன்னை இழிவுபடுத்துவதாக அவர் கருதிய அதே கதையை வெளியிட அனுமதி வேண்டி, அவ்வாண்டிலேயே சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாந்தரை நேரிற் கண்டு அதனைப் பெற்றவரும் அவரே. 1908இல் லெனின் எழுதிய கட்டுரை டோல்ஸ்டோயின் முரண்பாடுகளை ரஷ்ய விவசாயிகளின் முரண்பாடுகளோடு இணைத்துச் சிறப்புற விளக்கிற்று. அக்கட்டுரை காட்டிய கண்ணாடியில் இவ்வீட்டின் உட்புறம் தெரியவில்லை.

தமிழருக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1908இல் எழுதிய ‘இந்து ஒருவருக்குக் கடிதம்’ என்பதில் டோல்ஸ்டோய் திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரக் கருத்துக்களை எடுத்தாண்டுள்ளார். அவ்வதிகாரம் துறவறவியலைச் சேர்ந்தது. அதற்கு முன்னே இல்லறவியல் வைக்கப்பட்டுள்ளமையும், வாழ்க்கைத்துணைக்கும் மக்கட்பேற்றுக்கும் தனித்தனி அதிகாரங்கள் அதில் அமைந்துள்ளமையும் ஒப்புநோக்கத்தக்கன.

‘குரூட்சர் சொனாட்டா’வுக்கு மறுமொழியாகச் சோபியா ‘யார் குற்றம்?’ என்னும் கதையை எழுதினார். அதே கொலையை மனைவியின் பக்கம் நின்று கூறும் அக்கதை, அவர் இறந்து பல்லாண்டு கழிந்து, 1994இலேயே ரஷ்யாவில் அச்சேறியது. கலைத்திறத்தில் அது கணவரின் ஆக்கத்துக்கு ஈடாகாது. நடை சில இடங்களில் மிகையுணர்ச்சியிற் சரிகிறது. எனினும் பொஸ்தனிஷெவின் கூற்றிற் கேட்காத குரல் அதில் கேட்கிறது. இவ்விரு கதைகளும் ஒரே தொகுதியில் ஆங்கிலத்தில் வெளிவந்தது 2014இலாகும்.