உலமாக்களில் உள்ள ‘கள்’

நமது பழைய நூல்களை மறுபதிப்புச் செய்வோர் சிலரிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறேன். மூலத்தில் ‘உலமாக்கள்’ என்றிருந்தால் ‘உலமா’ என்றும், ‘நபிமார்கள்’ என்றிருந்தால் ‘நபிமார்’ என்றும் திருத்திவிடுகிறார்கள். காரணம் கேட்டால், “உலமா என்டாலே பன்மைதானே, அதுக்கு மேல கள் எதுக்கு?” என்கிறார்கள். இத்திருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை.

அரபியில் உலமா பன்மைதான், ஒருமை ஆலிம். ஆனால் ‘முஸ்லிம்’, ‘முஸ்லிமீன்’ என்பதுபோல ஒருமையோடு விகுதி ஒட்டி வந்த பன்மையன்று அது. சொல்லின் உருவமே உள்ளுக்குள் மாறுகிறது. தமிழ்க் காதோ பன்மையை ஈற்றிலே தேடுகிறது. அங்கே ஒன்றும் கேட்காததால் தன் விகுதியைச் சேர்த்துக்கொள்கிறது. ‘ஸஹாபாக்கள்’ வந்ததும் இப்படித்தான். ‘அவ்லியா’வும் வலீ என்பதன் பன்மையே. நாமோ “அந்த அவுலியாட கபுர்” என்று ஒருவரையே குறிக்கிறோம். பன்மைப் பொருள் வரும் வழியிலேயே கழன்றுவிட்டது.

இது அரபுச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ‘அவர்’ என்பதிலுள்ள ‘அர்’ பலர்பால் விகுதி. ஒருவரையே மதித்து ‘அவர்’ எனத் தொடங்கியதும் அதன் பன்மை வலு குறைந்தது. அந்தக் குறையை நிரப்ப ‘கள்’ வந்தது. தொல்காப்பியத்தில் அஃறிணைக்குரியதாகச் சொல்லப்பட்ட ‘கள்’, குறளிலேயே ‘பூரியர்கள்’, ‘மற்றையவர்கள்’ என உயர்திணைக்கு ஏறிவிட்டது. பிறகு ‘அவர்கள்’ என்பதும் ஒருவருக்குரிய மரியாதையாயிற்று. ‘நபி (ஸல்) அவர்கள்’ என்று எழுதும்போது நாம் பலரைச் சொல்லவில்லை. பன்மை விகுதி இரண்டு; குறிக்கப்படுபவர் ஒருவர்.

மிகையென்று வெட்டுவதானால் இங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்? யாரும் துணியமாட்டார்கள். அந்தக் ‘கள்’ எண்ணிக்கையை இழந்து கண்ணியத்தைப் பெற்றிருக்கிறது.

‘அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா’ என்ற பெயரில் ‘கள்’ வேண்டியதில்லை. ‘ஜம்இய்யத்துல் உலமா’ அரபுத் தொடர். “உலமாக்கள் கூடினார்கள்” என்பது தமிழ் வசனம். அங்கே ‘உலமா’ தமிழ் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்ட சொல். இந்த வேறுபாட்டைத் திருத்துவோர் கவனிப்பதில்லை.

செய்யுளில் ஒரு ‘கள்’ளை நீக்கினால் யாப்புக் கெடும், அது உடனே தெரிந்துவிடும். உரைநடையில் நேரும் நட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஓர் அரபுச் சொல் எந்தத் தலைமுறையில் நம் வீட்டுச் சொல்லாயிற்று என்பதற்கு அந்த விகுதிதான் சாட்சி. எல்லாப் பிரதிகளிலும் அதை அழித்துவிட்டால், மூத்தவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதை நாளைய ஆய்வாளன் எங்கே போய்த் தேடுவான்? பதிப்பாசிரியருக்கு ஐயமிருந்தால் அடிக்குறிப்பு எழுதட்டும். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.