கொள்ளையன் தோளிற் கிளி

கடற்கொள்ளைக் கதை என்றதும் ஒற்றைக்காலன் ஒருவனும் அவன் தோளிற் பேசும் கிளியும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்வுருவத்தைத் தந்தது றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சனின் ‘புதையல் தீவு’ (1883) என்னும் நாவலாகும். பின்வந்த திரைப்படங்கள் பல கிளியை வெறும் வேடிக்கைப் பொருளாக்கின. நாவலில் அது அத்தகையதன்று.

இக்கிளி இரவற் பொருள். அது றொபின்சன் குரூசோவுக்கு உரியதென 1894இல் வெளிவந்த கட்டுரையொன்றில் ஸ்ரீவன்சனே ஒப்புக்கொண்டார். ஆயினும் கைமாறியபோது அதன் குணமும் மாறிற்று. டானியல் டீபோவின் நாவலில் (1719), தனித்தீவில் உறங்கும் குரூசோவை அவன் பெயர் சொல்லி இரங்கி அழைக்கும் குரலொன்று எழுப்புகிறது. அஞ்சி விழிப்பவன் காண்பது தான் பழக்கிய கிளியை. தன்மீது அவன் கொண்ட இரக்கமே அதன் வாய்வழி திரும்பி வருகிறது. அடிமைகளை வாங்கிவர ஆபிரிக்கா நோக்கிச் சென்ற கப்பல் உடைந்தே அவன் அத்தீவை அடைந்தான் என்பதை நினைந்தால், அவ்விரக்கத்தின் எல்லை புலனாகும்.

லோங் ஜோன் சில்வரின் கிளியோ காசைப் பேசுகிறது. இறந்த கொள்ளைத் தலைவன் பிளிண்டின் பெயரைத் தாங்கி, ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் பெயரை ஓயாது கத்துகிறது. மூழ்கிய கப்பல்களிலிருந்து வெள்ளி மீட்கப்பட்ட இடத்தில் அச்சொல்லைக் கற்றதாம். மடகஸ்கார், மலபார் எங்கும் திரிந்ததாம். கோவாவின் இராசப்பிரதிநிதியின் கப்பல் பிடிபட்டபோதும் உடனிருந்ததாம். சில்வரின் பேச்சை முழுதும் நம்பவேண்டியதில்லை. எனினும், அத்தகைய போர்த்துக்கேயக் கப்பலொன்று 1721இல் இந்து சமுத்திரத்து றீயூனியன் தீவிற் கொள்ளையர் வசமானது வரலாறு. பொத்தோசி முதலிய மலைச் சுரங்கங்களில் அமெரிக்கப் பழங்குடி மக்களின் கட்டாய உழைப்பால் அகழப்பட்ட வெள்ளியே அந்நாணயமாயிற்று. அம்மக்களுக்கு நாவலில் வாயில்லை, நாணயத்துக்கு உண்டு.

சில்வர் ஆளுக்கேற்பப் பேசுபவன். நிலக்கிழார் முன் பணிவு, சிறுவன் ஜிம்மிடம் பரிவு, கூட்டாளிகளிடம் கொலைத்திட்டம். கிளிக்கு இரண்டாம் நாக்கில்லை. இருளில், தன் நண்பர் இருப்பதாக எண்ணிக் காவலரணுள் நுழையும் ஜிம்மைக் காட்டிக்கொடுப்பது அதன் கூச்சல். உள்ளே இருப்போர் நண்பரல்லர் என அவனுக்கு உணர்த்துவதும் அதே கூச்சல்தான். நாவலின் கலை உச்சம் பெறும் இடம் இதுவே எனலாம்.

இறுதியிற் சில்வர் ஒரு பை நாணயத்துடன் தப்பியோடுகிறான். ஆசிரியர் அவன்பால் மயங்கிவிட்டார் எனக் குறைகூறுவதற்கு இங்கு இடமுண்டு. ஆனால் கிளியின் குரலை அவர் அவனோடு அனுப்பிவிடவில்லை. ஊர் திரும்பிய பின்னரும் கனவிடை அக்குரல் கேட்டுத் திடுக்கிட்டு எழுபவன் ஜிம். புதையலிற் பங்கு பெற்றவருள் அவனும் ஒருவன்.