தரங்கம்பாடி அறிக்கையும் வத்தல்மலையின் கேள்வியும்

1919ஆம் ஆண்டு மே மாதம் 1, 2 ஆகிய நாள்களில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடித் திருச்சபையின் ஒருமைப்பாட்டைக் குறித்து ஓர் அறிக்கையை வெளியிட்டனர். கூடியவர்களுள் பெரும்பாலோர் இந்தியப் போதகர்கள். ஆங்கிலிக்கன் சபையையும் தென்னிந்திய ஐக்கிய சபையையும் சேர்ந்தவர்களே அவர்களுள் மிகுதி. தோர்னக்கல் பேராயர் அசரியா முன்னின்றவர்களுள் ஒருவர். அங்குத் தொடங்கிய உரையாடல் 28 ஆண்டுகள் நீடித்து, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானதில் கனி தந்தது. ஆகையால் ஒருமைப்பாட்டு ஞாயிறுதோறும் இவ்வறிக்கையை நன்றியுடன் நினைவுகூருகிறோம். ஆனால் அடிக்கடி நினைவுகூரப்படும் ஏடு அடிக்கடி ஆராயப்படுகிறது என்று சொல்வதற்கில்லை. நற்செய்தியைப் புதிதாகக் கேட்கும் ஒருவர், 'நான் எந்தச் சபையைச் சேர்வது, எந்தப் போதனையைப் பின்பற்றுவது?' என்று வினவினால் அதற்கு விடையளிக்க இவ்வறிக்கை எவ்வளவு துணைசெய்யும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கேள்வி எழும் இடம்

தருமபுரி நகருக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் வத்தல்மலை உள்ளது. அங்கு வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். இவர்கள் கேரளத்தார் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் உழவர். சாமையும் கேழ்வரகும் காப்பியும் அவர்களுடைய விளைச்சல். நெடுங்காலம் கால்நடையாகவே ஏறி இறங்கிய அம்மலை, இந்த நூற்றாண்டில்தான் வாகனங்கள் செல்லும் சாலையைக் கண்டது. காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது மலையாளி மக்களிடையே வழங்கும் மரபுக் கதை. மலைகள் வேறானபோதிலும் உறவு அறுந்துபோகவில்லை என்பது அக்கதையின் உட்கருத்து.

இத்தகைய மலையில் ஒரு குடும்பத்தார் கிறிஸ்துவைப் பின்பற்ற விரும்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மலையிறங்கி வந்தால் அவர்கள் காண்பது என்ன? 1997 முதல் தனி மறைமாவட்டமாக விளங்கும் கத்தோலிக்கத் திருச்சபை ஒருபுறம். கோயம்புத்தூர்ப் பேராயத்தைச் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபை ஒருபுறம். லுத்தரன் சபையார், பெந்தெகொஸ்தே சபையார், தனி ஊழியர் எனப் பலர் மறுபுறம். ஒருவர் குழந்தைக்கும் திருமுழுக்கு உண்டு என்கிறார். மற்றொருவர் அது செல்லாது, மீண்டும் மூழ்கி எழவேண்டும் என்கிறார். ஒருவர் அந்நிய பாஷையே ஆவியின் அடையாளம் என்கிறார். இன்னொருவர் சனிக்கிழமையே ஓய்வுநாள் என்கிறார். 'ஐயா, இதில் எது சரி? நாங்கள் எங்கே போவது?' என்று அக்குடும்பத்தார் கேட்டால், கேட்கப்பட்ட போதகர் என்ன சொல்வார்?

2. அறிக்கை சரியாகக் கண்டது

தரங்கம்பாடி அறிக்கையின் முதன்மையான வாதம் இது: சபைப் பிரிவினைகளால் நற்செய்திப் பணி வலுவிழந்து நிற்கிறது, அப்பிரிவினைகளுக்கு இந்தியக் கிறிஸ்தவர் பொறுப்பல்லர், அவை வெளியிலிருந்து வந்தவை, அவற்றைக் கட்டிக்காக்கும் விருப்பமும் இவர்களுக்கு இல்லை.

இவ்வாதத்திற்கு வத்தல்மலையைச் சுற்றியுள்ள நிலப்பகுதியே சான்று. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. சேலத்தில் 1827 முதல் லண்டன் மிஷன் சங்கத்தார் பணியாற்றினர். மிஷன் சங்கங்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்ட ஏற்பாட்டின்படி, சேலத்தில் கிறிஸ்தவரானவர் லண்டன் மிஷனார் ஆனார். மதுரையில் ஆனவர் அமெரிக்கன் மிஷனார் ஆனார். திருவண்ணாமலைப் பக்கத்தில் ஆனவர் டேனிஷ் லுத்தரன் ஆனார். ஒருவருடைய உபதேசத்தை அவர் பிறந்த ஊரே தீர்மானித்தது. மணமாகி வேற்றூர் சென்ற பெண் புகுந்த வீட்டோடு புதிய சபை ஒழுங்கையும் ஏற்றுக்கொண்டாள். இங்கே தெரிவு என்ற ஒன்று நிகழவேயில்லை.

கிருஷ்ணகிரியில் நிகழ்ந்தது இன்னும் தெளிவான சான்று. லைப்சிக் மிஷன் சங்கத்தின் ஊழியராயிருந்த தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் ஆகியோர், வேதாகமம் தேவ ஆவியால் அருளப்பட்ட விதத்தைக் குறித்த கோட்பாட்டில் தம் சங்கத்தாரோடு மாறுபட்டு விலகினர். பின்பு அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் திருச்சபையால் அனுப்பப்பட்டு, 1895இல் நேதர் கிருஷ்ணகிரியிலும், அடுத்த ஆண்டில் மோன் ஆம்பூரிலும் பணி தொடங்கினர். இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் இதுவே. நேதர் 1904இல் கிருஷ்ணகிரியிலேயே கொள்ளைநோய்க்கு இரையானார். அவருடைய மனச்சாட்சியின் உறுதியையும் தியாகத்தையும் எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயினும் அவரைத் தனிச் சபை காணச் செய்த விவாதம் ஜெர்மானிய இறையியலாரிடையே எழுந்தது. கிருஷ்ணகிரியின் உழவர் அக்கேள்வியை எழுப்பியவர் அல்லர். அதன் விடையை மட்டும் சபைப் பெயராகப் பெற்றனர். இவ்வகையில் அறிக்கை கூறியது உண்மையே.

3. அறிக்கை கூறாமல் விட்டது

ஆனால் அது முழு உண்மையன்று. தமிழ்க் கிறிஸ்தவர் தாமே உண்டாக்கிய பிரிவினைகளும் 1919க்கு முன்பே இருந்தன. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பாக எழுதியபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் எதிர்ப்பாளரிடையே இருந்தார். பின்னர் வந்த லைப்சிக் சங்கத்தார் சாதியைச் சமூக வழக்கமாகக் கருதி மென்மையாக நடந்துகொண்டமையால், விலகியவருள் பலர் அவர்களிடம் சேர்ந்தனர். இவர்கள் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை ஆராய்ந்து லுத்தரன் ஆனவர்கள் என்று சொல்ல முடியுமா?

1857இல் நாசரேத்துப் பகுதியில் சட்டாம்பிள்ளை என்னும் அருமைநாயகம் வெள்ளையரின் அதிகாரத்தை மறுத்து, சனிக்கிழமை ஓய்வுநாளை அனுசரிக்கும் தனிச் சபையை நிறுவினார். முந்தியது சாதியைக் காத்த பிரிவு; பிந்தியது மிஷனெரி ஆதிக்கத்தை எதிர்த்த பிரிவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் நியாயமாகாது. எனினும் இரண்டும் வெளியிலிருந்து வந்தவை அல்ல.

இவ்விடுபாடு வரலாற்றுப் பிழை என்ற அளவில் நின்றுவிடவில்லை. பிரிவினை முழுவதும் அந்நியச் சரக்கு என்றால், அந்நியர் சென்றபின் அது மறைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அறிக்கை எழுந்த அதே 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அமைந்தது. அதன் பேராயர் தரங்கம்பாடிப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார். 1948 முதல் லுத்தரன் சபைகளுக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்கும் இடையே இறையியல் உரையாடல்கள் நடந்து, பல கோட்பாடுகளில் உடன்பாடும் காணப்பட்டது, இணைப்போ நிகழவில்லை. இந்த எழுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் தாமதத்தை எந்த மிஷனெரியின் மீது சுமத்துவது? நம் பேராயத் தேர்தல்களில் சாதிக் கணக்குப் பார்க்கப்படுவதை எந்த நாட்டிலிருந்து இறக்குமதி செய்தோம்?

4. நான்கு அடிப்படைகள்

அறிக்கை இணைப்பிற்கு நான்கு அடிப்படைகளை ஏற்றது: திருமறை, அப்போஸ்தலர் மற்றும் நிசேயா விசுவாச அறிக்கைகள், திருமுழுக்கும் திருவிருந்துமாகிய இரு சாக்கிரமந்துகள், வரலாற்றுப் பேராயத்துவம். அத்துடன் சபையார் ஆட்சி, மூப்பர் ஆட்சி, பேராயர் ஆட்சி ஆகிய மூன்று கூறுகளும் ஒன்றுக்கொன்று துணையாகலாம் என்றது. சபைகள் எவ்வாறு இணைவது என்ற கேள்விக்கு இது சிறந்த விடை. ஆனால் கேட்பவர் எவ்வாறு தெரிந்துகொள்வது என்ற கேள்வி அங்கு எழவில்லை. கூடியவர்கள் ஏற்கெனவே சபைகளை உடையவர்கள். சபையைத் தேடுபவர் எவரும் அவர்களிடையே இல்லை.

இதனால் இரு குறைகள் நேர்ந்தன. முதலாவது, நான்காம் அடிப்படை நீண்ட விவாதத்தைப் பெற்றது. மாதம் ஒருமுறை போதகர் ஏறிவரும் மலைச் சிற்றூரிலோ, பேராயத்துவம் வரலாற்றுத் தொடர்ச்சியுடையதா என்பதைவிட, யாராவது வருகிறாரா என்பதே கேள்வி. இரண்டாவது, திருமுழுக்கு ஒருமைப்பாட்டின் அடிப்படை என்று எளிதாகக் கூறப்பட்டது. குழந்தைத் திருமுழுக்கை மறுப்பவரோடு அன்று வாதிட நேரவில்லை. இன்று மறுமுழுக்கே ஒவ்வொரு சபையின் வாசலிலும் நிற்கும் சிக்கல். அதைப் பற்றி அறிக்கையிலிருந்து நாம் பெறுவது மிகச் சிறிது.

5. போதகர் கூறத்தக்க விடை

அப்படியானால் வத்தல்மலைக் குடும்பத்தாருக்கு என்ன சொல்வது? 'எல்லாம் ஒன்றுதான், எங்கேயாவது போங்கள்' என்பது போதகர் சொல்லத்தக்க விடையன்று. 'எங்களிடம் வாருங்கள், மற்றவை தவறு' என்பதும் விடையன்று. கொரிந்து சபையார் பவுலுடையவர், அப்பொல்லோவுடையவர் என்று பிரிந்து நின்றபோது, அப்போஸ்தலர் தம் பெயரால் கூடிய கட்சியையும் சேர்த்தே கடிந்துகொண்டார் (1 கொரி. 1:12-13). ஆகவே சபைப் பெயரைத் தராமல், ஆராயும் அளவுகோலை அவர்கள் கையில் கொடுப்பதே தகும்.

முதலாவது, அங்கே இயேசு கிறிஸ்துவைப் பற்றி என்ன அறிக்கையிடப்படுகிறது? மாம்சத்தில் வந்து, சிலுவையில் மரித்து, உயிர்த்தெழுந்தவராக அவர் அறிக்கையிடப்படுகிறாரா, அல்லது ஊழியரின் பெயரே அதிகம் ஒலிக்கிறதா (1 யோவா. 4:1-3)? இரண்டாவது, பெரோயா பட்டணத்தாரைப் போலத் தாமே திருமறையைத் திறந்து ஆராய இடமுண்டா, கேள்வி கேட்டால் அது அவிசுவாசம் எனப்படுகிறதா (அப். 17:11)? மூன்றாவது, திருவிருந்தில் யாரோடு யார் அமர்கிறார்? அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியதைப் பவுல் ஒழுங்குப் பிழையாகக் கொள்ளாமல் நற்செய்தியின் சத்தியத்திற்கு மாறான நடையாகவே கண்டார் (கலா. 2:11-14). மலைவாழ் மக்களைக் கடைசி வரிசையில் அமர்த்தும் சபை, நான்கு அடிப்படைகளையும் உடையதாயினும் இச்சோதனையில் தேறாது. நான்காவது, கிறிஸ்துவைப் பற்றாத தாய்தகப்பனையும் உறவினரையும் நேசிக்க அச்சபை கற்பிக்கிறதா, வெறுக்கக் கற்பிக்கிறதா?

நோயுற்ற பிள்ளைக்காக ஒருவர் வந்து ஜெபித்தார், ஆகவே அவருடைய சபைக்குச் செல்கிறோம் என்று சொல்பவரை இகழ்தல் ஆகாது. வராமல் இருந்தவர்களுக்கு இகழும் உரிமை இல்லை. ஆயினும் ஜெபித்தவரின் அன்பு அவருடைய போதனை முழுவதற்கும் சான்றாகாது என்பதை அன்புடன் எடுத்துரைத்தல் வேண்டும்.

இவ்வாறு கற்பித்தால் கோட்பாடு மதிப்பிழந்துவிடாதா என்று சிலர் வினவலாம். இழக்காது. திருமுழுக்கைப் பற்றி நாம் நம்புவதைத் திருமறையினின்று தெளிவாகக் கற்பிப்போம். ஒருமுறை பெற்ற திருமுழுக்கை மறுத்துத்தான் அடுத்த சபைக்குள் நுழையமுடியும் என்ற நிபந்தனை ஒரே திருமுழுக்கு என்ற விசுவாசத்திற்கு ஒவ்வாதது என்பதையும் சொல்வோம். ஆனால் கற்பித்தபின் தெரிவு அவர்களுடையது.

இந்த விடைக்கு ஒரு விலை உண்டு. மேற்கூறிய அளவுகோலில் தேறும் சபை மலைக்கு அண்மையில் இருந்து, நம் சபை தொலைவில் இருப்பின், 'அங்கே செல்லுங்கள், கர்த்தர் உங்களோடிருப்பாராக' என்று போதகர் சொல்லவேண்டியிருக்கும். சபைப் பதிவேட்டில் ஒரு குடும்பம் குறையும். ஆண்டறிக்கையில் எண் குறையும். பேராய அலுவலகத்தில் காரணம் கேட்கவும் கூடும். பிரிவினையைத் தொடர விருப்பமில்லை என்று தரங்கம்பாடியில் கையொப்பமிட்டவர்களின் சொல் உண்மைதானா என்பது இத்தகைய நேரத்திலேயே சோதிக்கப்படும். ஊழியத்திற்கு ஆயத்தமாகும் இறையியல் மாணவர் அவ்வறிக்கையைத் தேர்வுக்காகப் படிப்பதோடு நில்லாமல், தம்மிடம் வரப்போகும் முதல் குடும்பத்தை மனத்தில் வைத்து மறுமுறை படிப்பாராக.