வரிகளுக்கு நடுவே உள்ள வெள்ளை

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவரும் செய்திமடல் ஒரே ஒரு ஏ3 தாள்தான். நடுவில் மடித்தால் நாலு பக்கம். புதிதாக வந்த நூல்கள், கூட்ட அறிவிப்பு, ஒரு கட்டுரை, ஒன்றிரண்டு படங்கள், அவ்வளவே. ஆனாலும் கையில் எடுத்தால் கடைசி வரிவரை கண் தானாகப் போகிறது. அச்சுத்தாள்களோடே காலம் தள்ளியவன் என்பதால், அது எப்படி என்று ஊன்றிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எழுத்தின் அளவு 11 பாயின்ட். வரிக்கு வரி 16 பாயின்ட் விட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தின் உயிரே அந்த 16-ல்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு இந்த அளவில் 13 அல்லது 14 விட்டாலே தாராளம். தமிழ் எழுத்து அப்படி அடங்குவதில்லை. ‘நூ’ கீழே இறங்கிச் சுழிக்கும், ‘மீ’ மேலே ஏறிச் சுழிக்கும். மேல்வரியில் ‘நூலகம்’ என்றும் அதற்கு நேர்கீழே ‘மீண்டும்’ என்றும் அமைந்துவிட்டால், இடம் போதாத பக்கத்தில் இரண்டு சுழிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். இந்த மடலின் இரண்டாம் பக்கத்தில் அப்படியே ஓர் இடம் இருக்கிறது. இரண்டு சுழிகளுக்கும் நடுவே மெல்லிய வெள்ளை தப்பி நிற்கிறது. ஈய எழுத்துக் காலத்தில் இந்த வெள்ளைக்காக வரிகளுக்கு இடையே ஈயப் பட்டைகளைச் செருகுவார்கள். அன்று கையால் தொட்டுணர்ந்த பொருளாக இருந்தது, இன்று கணினியில் ஓர் எண். அந்த எண்ணைக் கணினி தந்தபடியே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். இவர்கள் விடவில்லை.

வெள்ளையை நம்பவேண்டிய கட்டாயம் தமிழுக்கு இன்னொரு விதத்திலும் உண்டு. நம்மிடம் கேப்பிடல் எழுத்து கிடையாது. சாய்வெழுத்து என்று கணினி தருவது பெரும்பாலும் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிய கோணல். தடித்த எழுத்திலோ ண, ஞ, ஐ எல்லாம் சுழி அடைத்துப்போய்க் கறுப்புத் திட்டாகிவிடும். ஆகவே முக்கியமானது எது என்று காட்ட மிஞ்சுவது அளவும் இடைவெளியும்தான். இந்த மடலில் தலைப்புக்கு மேலே இடம் அதிகம், கீழே குறைவு. அதனால் தலைப்பு தன் கட்டுரையோடு ஒட்டிக்கொள்கிறது. மேலே முடிந்த செய்தியோடு குழம்புவதில்லை. இன்னும் நுட்பமாக, தலைப்பும் சுற்றியுள்ள வெள்ளையும் சேர்ந்து சரியாக 48 பாயின்ட், அதாவது மூன்று வரி. எங்கே தலைப்பு வந்தாலும் அருகருகே உள்ள இரண்டு பத்திகளின் வரிகளும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. முன்பக்க வரியின் முதுகிலேயே பின்பக்க வரியும் விழுகிறது. மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியத்தான் செய்யும், ஆனால் அந்த நிழல் வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. இதைக் கண்டபோது எனக்கு எழுந்து கைதட்டத் தோன்றியது.

தலைப்பை மடக்கிய விதத்தையும் சொல்லவேண்டும். ‘மழைக்காலத்தில்’ ஒரு வரி. ‘நூல்களைக் காப்பது எப்படி?’ அடுத்த வரி. ‘மழைக்காலத்தில் நூல்களைக்’ என்று முதல் வரியை நிரப்ப இடம் இருந்தது. நிரப்பவில்லை. பேச்சில் மூச்சு விடும் இடத்தில் வரி உடைகிறது.

பக்கத்துக்கு இரண்டு பத்தி, ஒவ்வொன்றும் 83 மில்லிமீட்டர். மூன்று பத்தி வைத்தால் செய்தித்தாள் போல எடுப்பாக இருக்கும் என்று யாருக்கும் ஆசை வரும். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற ஒரு சொல் வந்தால் ஒடுங்கிய பத்தி என்ன ஆகும் என்பதை அச்சுக்கோத்தவர்களைக் கேட்டால் தெரியும். போதாததற்கு, பெரியார் 1935-ல் தம் இதழில் கையாண்டு, தமிழக அரசு 1978-ல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஒரே உருவாகச் சேர்ந்திருந்த ணா, றா, னா எல்லாம் இரண்டு உருவாகப் பிரிந்து நிற்கின்றன. படிக்க எளிது, இடம் கூடுதல். இந்த மடலில் இரண்டு ஓரமும் நேராக இருக்கவேண்டும் என்று சொற்களை இழுத்துப் பிய்க்கவில்லை. இடது ஓரம் நேர், வலது ஓரம் அதன் போக்கில். ஆகவே சொல்லுக்குச் சொல் இடைவெளி ஒரே சீராக இருக்கிறது. இந்தத் துணிவு வார இதழ்களுக்குக்கூட எளிதில் வருவதில்லை.

எழுத்துரு தேர்வில் எனக்குச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹன்ட் நினைவுக்கு வருகிறார். 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட வின்சுலோ தமிழ்–ஆங்கில அகராதியை 1862-ல் அச்சிட்டவர். அவ்வளவு பொடி எழுத்திலும் சுழிகள் திறந்தே இருக்கின்றன. இந்த மடலின் எழுத்துருவிலும் அந்தக் குணம் உண்டு. புள்ளியும் திடமான புள்ளி. ஜெராக்ஸ் எடுத்தாலும் ‘பட்டம்’ ‘படடம’ ஆகாது.

மூன்றாம் பக்கத்தில் கூட்டத்தில் பேசியவரின் படம். அவர் இடப்பக்கம் பார்க்கிறார். படத்தை வலது பத்தியில் வைத்திருக்கிறார்கள். முகம் கட்டுரையைப் பார்க்கிறது, தாளுக்கு வெளியே பார்க்கவில்லை. படக்குறிப்பு உரையைவிட ஒரு சுற்றுச் சிறிது, 9 பாயின்ட் இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் அடுத்த இரண்டு மாத நிகழ்ச்சிகள். தேதிகள் மட்டும் இடப்பக்கம் தனியாகத் தொங்குகின்றன, விவரம் எல்லாம் ஒரே கோட்டில் தொடங்குகிறது. பாட்டிமார்களும் கண்ணாடி தேடாமல் தேதியைப் பிடித்துவிடலாம். இந்தப் பட்டியலைச் சுற்றி ஒரு பெட்டி கட்டியிருக்கிறார்கள், அது மட்டும் எனக்கு உறுத்துகிறது. பக்கம் முழுக்க வெள்ளையாலேயே பிரித்துக் காட்டியவர்களுக்கு இங்கே நாலு கோடு எதற்கு? அடுத்த இதழில் அதை எடுத்துவிட்டுப் பார்க்கும்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்.