பொருத்தம், தூரம், பிரபலம்: கூகுள் வரைபடத்தின் முதல் மூன்று கடைகள் பற்றி ஒரு விமர்சனம்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 2022இல் ஒரு தாய்லாந்து உணவகம் திறந்தார்கள். பெயர், 'தாய் ஃபுட் நியர் மீ'. அதாவது, 'என் பக்கத்தில் தாய்லாந்துச் சாப்பாடு'. பசித்தவர் கைப்பேசியில் எதைத் தட்டித் தேடுவாரோ, அதையே எடுத்துப் பெயர்ப்பலகையாக மாட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு 'தி வெர்ஜ்' இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே வெளியிட்டது. கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் உள்ளூர்த் தேடல் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த ஒரு பலகை விளக்கிவிடுகிறது.

இந்த மாதிரி வேலை புதுசும் இல்லை. அமெரிக்காவில் மஞ்சள் பக்கத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி ஆள் தேடிய காலத்தில், பூட்டுத் திறப்பவர்களும் குழாய் ரிப்பேர்க்காரர்களும் 'ஏஏஏ', 'ஏ1' என்றெல்லாம் கடைக்குப் பெயர் வைத்தார்கள். அகர வரிசையில் முதலில் வரவேண்டும், அவ்வளவுதான். வரிசை எப்படிப் போடப்படுகிறதோ, அதற்கேற்பக் கடையும் வளையும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அகர வரிசையில் முதலில் வரும் கடைதான் நல்ல கடை என்று யாரும் நினைத்ததில்லை. கூகுளில் வரைபடத்தோடு வரும் மூன்று கடைகளை நாம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். 2015 ஆகஸ்ட் வரை அந்த இடத்தில் ஏழு கடைகள் வந்தன. ஏழை மூன்றாக்கியபோது, நான்காவது கடைக்காரர் கிட்டத்தட்டப் பின்தெருவுக்குப் போய்விட்டார்.

சரி, அந்த மூன்று பேர் எப்படித் தேர்வாகிறார்கள்? கடைக்காரர்களுக்கான கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது: பொருத்தம், தூரம், பிரபலம். இந்த மூன்றில் தரம் என்ற சொல் இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். இட்லி மெத்தென்று இருக்கிறதா, மெக்கானிக் நேர்மையானவரா என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. கடையைப் பற்றி எழுதப்பட்டது மட்டும்தான் அதற்குத் தெரியும். இது குற்றம் இல்லை. ஆனால் முடிவுகளைப் பார்க்கிற நமக்கு இது நினைவில் இருப்பதில்லை.

மூன்றில் எனக்குப் பிடித்தது தூரம். தேடுபவர் நிற்கிற இடத்துக்குக் கடை எவ்வளவு பக்கம் என்பதைக் காசு கொடுத்து மாற்ற முடியாது. பெரிய சங்கிலிக் கடையைவிட, தெருமுனை சைக்கிள் கடை மேலே வர வாய்ப்பு கொடுப்பது இதுதான். 2021 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கூகுள் உள்ளூர் வரிசைமுறையை மாற்றியமைத்தது. தூரத்துக்குக் கூடுதல் எடை கிடைத்தது என்று இத்துறையில் இருப்பவர்கள் கவனித்துச் சொன்னார்கள். நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

பொருத்தத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கூகுளின் விதிப்படி, வெளியே பலகையில் இருக்கிற பெயரைத்தான் பதிவிலும் கொடுக்க வேண்டும். ஊர்ப்பெயரையும் சேவையின் பெயரையும் ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் இதே துறையினரின் கருத்துக்கணிப்புகளில், வரிசையை உயர்த்தும் முக்கியமான காரணிகளுள் ஒன்றாகக் கடைப்பெயரில் உள்ள தேடுசொல் தொடர்ந்து இடம்பெறுகிறது. ஒரு கையால் விதி எழுதி, மறு கையால் அதை மீறுபவருக்குப் பரிசு கொடுக்கிற ஏற்பாடு இது. முப்பது வருஷமாக அப்பா பெயரில் கடை நடத்துபவர் பின்னால் போகிறார். நேற்று வந்து, 'சிறந்த', 'மலிவு', 'அருகில்' என்று பெயரில் அடுக்கியவர், யாராவது புகார் செய்யும் வரை முன்னால் நிற்கிறார். அந்த நியூயார்க் உணவகம் பெயரையே சட்டப்படி அப்படி வைத்துக்கொண்டது. விதியை மீறவில்லை, விதியின் ஓட்டையைக் காட்டியது.

நம் ஊர்க் கடைகளுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பதிவிலோ பெரும்பாலும் ஆங்கில எழுத்து. ஆங்கில எழுத்தில் போட்டால் மளிகையும் மாளிகையும் ஒன்றாகிவிடும். ஒரு எல் கூடினால் மல்லிகை. பழம் என்பதைத் தட்ட நாலு பேரிடம் நாலு விதம் இருக்கிறது. தேடுசொல்லை நம்பி ஓடும் வரிசையில் இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது பிரபலம். எத்தனை மதிப்புரைகள், எத்தனை நட்சத்திரம், எத்தனை தளங்கள் உங்களைப் பற்றிப் பேசுகின்றன என்ற கணக்கு. மேலே இருக்கும் கடைக்குக் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் மதிப்புரை சேரும், மதிப்புரை சேர்ந்தால் இன்னும் மேலே போகும். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கும் சக்கரம். இதில் பணமும் இருக்கிறது. ஹார்வர்டின் மைக்கேல் லூகா, சியாட்டில் உணவகங்களை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதாகக் கண்டார். சங்கிலிக் கடைகளில் அந்த விளைவு இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். இவ்வளவு காசு இருக்கும் இடத்தில் கள்ள நோட்டு புழங்காமல் இருக்குமா? 2017இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், லண்டனில் தன் தோட்டக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிந்தார். பொய் மதிப்புரைகளை மட்டும் வைத்தே லண்டனின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே யாரும் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. இந்தியாவில் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரநிர்ணயம் வந்தது. விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது. அமெரிக்காவில் போலி மதிப்புரைக்கு அபராதம் விதிக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

இதெல்லாம் மேலே ஏறுவதற்கான சண்டை. தகவல் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. வாஷிங்டன் அருகே, வர்ஜீனியாவின் கிரேட் ஃபால்ஸில், 'செர்பியன் கிரவுன்' என்ற பழைய உணவகம். 2013இல் மூடப்பட்டது. கூகுள் பதிவில் சனி, ஞாயிறு, திங்கள் விடுமுறை என்று யாரோ தவறாக மாற்றியதால் வார இறுதிக் கூட்டமே போய்விட்டது என்று உரிமையாளர் கூகுள் மேல் வழக்குப் போட்டார். 'வயர்ட்' இதழ் 2014இல் இதை விரிவாக எழுதியது. நஷ்டத்துக்கு அது ஒன்றுதான் காரணமா என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் கடைக்காரர் பார்க்காத ஒரு பக்கத்தில், யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம் என்பது உண்மை.

அதனால் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. பதிவை உங்கள் பேரில் எடுங்கள், அது இலவசம். முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். நேரம், தொலைபேசி எண் சரியா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையையும் போடுங்கள். சொந்தப் படங்களை ஏற்றுங்கள். திட்டினவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். தள்ளுபடி கொடுத்து நட்சத்திரம் வாங்காதீர்கள், அது விதிமீறல். முதலிடம் உத்தரவாதம் என்று மாதச் சந்தா கேட்டு வருபவரிடம், வரிசையில் மேலே வரக் காசு கொடுக்க வழியே இல்லை என்று கூகுளே எழுதிவைத்திருப்பதைக் காட்டுங்கள். விளம்பரம் வேறு கணக்கு. அதற்குக் காசு கொடுத்தால் மேலே வரலாம், விளம்பரம் என்று காட்டும் குறிப்போடு.

கூகுளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒருவர் குறிப்பிட்ட கடையைப் பெயர் சொல்லித் தேடும்போது பெயர் பொருந்த வேண்டும், சரி. 'பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர்' என்று பொதுவாகத் தேடும்போது பெயரை ஏன் எடைபோட வேண்டும்? கடை எதை விற்கிறது என்பதற்கு வகை என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு வகைத் தேடலையும் பிரித்தறிவது அவர்களுக்கு ஒன்றும் பெரிய வேலை இல்லை, தினமும் செய்கிறார்கள். பொதுத் தேடலில் பெயரின் எடையைப் பூஜ்யமாக்கினால், பெயரில் தேடுசொல் அடுக்குகிற வியாபாரம் படுத்துவிடும். அதைச் செய்யாத வரை, பலகைகள் தெருவில் நடப்பவரைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கும்.