ஒரு மருத்துவச் சொல்லும் அதன் அசைப்பிரிப்பும்

செவி, மூக்கு, தொண்டை என்னும் மூன்றன் நோய்களையும் ஆராயும் துறைக்கு மேலைநாட்டார் இட்ட பெயர் ஓட்டோரைனோலாரிங்காலஜி என்பது. காது மூக்கு தொண்டை மருத்துவம் எனத் தமிழில் எளிதின் வழங்குதலின் இச்சொல் நமக்கு வேண்டாவெனலாம். எனினும் மூலச்சொல்லைத் தமிழெழுத்தில் தரவேண்டிய இடங்கள் உள. அவ்விடத்து நீளத்திற்கு அஞ்சி இடையே சிறுகோடிட்டுப் பிரிப்பாரும் உளர். அப்பிரிப்பு ஒலியைக் காக்கின்றதா என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

ஓத், ரீன், லருங்க் என்னும் கிரேக்க அடிகள் முறையே செவி, மூக்கு, குரல்வளை என்னும் பொருளன. ஆங்கிலர் நாவில் ரீன் 'ரைன்' ஆயிற்று. பல்லொலியாகிய தகரமும் திரிந்து நம் கையில் டகரமாயிற்று. ஆகவே நாம் எழுதுவது கிரேக்கம் அன்று, ஆங்கிலர் ஒலிப்பே. அவர் இதனை ஒன்பது அசையாக்கி ஏழாவதை அழுத்தி ஒலிப்பர். கிரேக்கரோ இன்றும் ஈற்றயலையே அழுத்துவர்.

பொருள்நோக்கி 'லாரிங்-ஆலஜி' எனப் பிரிப்பின் ககரவொலி அறவே கெடும். மொழியிறுதியில் நிற்கத் தொல்காப்பியர் உடன்பட்ட 11 மெய்களுள் ஙகரம் இல்லை என்பதும் நினைக்கத்தக்கது. ஒலிநோக்கி 'லாரிங்-காலஜி' எனினும் குற்றமே. மெல்லினத்தை அடுத்த வல்லினம் மெலிந்தொலிக்கும். மொழிமுதற்கண் அவ்வாறு மெலியாது. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் விளக்கிய முறை இது. கோடு விழுந்த அளவிலே ககரம் மொழிமுதல் போல் வல்லென்று ஒலிக்கும். 'ங்கா' எனத் தொடர்ந்து நிற்பின் மட்டுமே உரிய ஒலி தானே அமையும். வேறு குறி எதுவும் வேண்டா. கிரேக்கர்க்கு இம்மூக்கொலிக்குத் தனியெழுத்து இல்லை. காமா என்னும் எழுத்தையே இரட்டித்து எழுதினர். தனியெழுத்துடைய நாம் அதனைக் கோட்டாற் கெடுப்பது வியப்பே.

இனி, ரை என்பது மொழியிடை நிற்றலின் ஐகாரக்குறுக்கமாய்ப் பின்வரும் 'னோ'வுடன் கூடி நிரையசையாகும். அவ்வாறாயின் நம் யாப்பின்படி ஓட்/டோ/ரைனோ/லா/ரிங்/கா/லஜி என அசை ஏழே. எண் குறைதல் பெரிதன்று. ஆங்கிலத்தில் நீண்டொலிக்கும் ரை குறுகி 'ரெ' போல் ஒலிக்குமே என்பதே நம் கவலை. 'ராய்னோ' என எழுதின் நெடிலும் ஒற்றும் நேரசையாய் நின்று அளவு குறையாது. வழக்கிற்குப் புறம்பெனச் சிலர் மறுக்கலாம்; ஒலிப்பே கருத்தாயின் இதுவே தக்கதென்று நாம் கருதுகிறோம்.

சிலப்பதிகாரத்திற் பயிலும் சுருங்கை என்னும் சொல்லைச் சூரிங்க்ஸ் என்னும் கிரேக்கச் சொல்லின் வழித்தாகக் கொள்வர் அறிஞர் பலர். லருங்க்ஸ் என்பதும் அதே ஈறுடையது. முன்னோர் அவ்வீற்றை 'ங்கை' என அமைத்துக்கொண்டனர். இடையே கோடு இட்டிலர்.